ஒரே பக்கத்தில் ஏழு 'தயங்கினாள்': ஆங்கிலத்தின் தயக்கச் சொற்களை எப்படிப் பிரிப்பது?

தாமிரபரணி_வாணி:

எல்லாருக்கும் வணக்கம். ஓர் ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில், கணவரை இழந்த எழுபது வயதுப் பெண், வீட்டை விற்பதா வேண்டாமா என்று முடிவுக்கு வர முடியாமல் இருக்கும் அத்தியாயம். முடித்து எடிட்டருக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியில் ஒரே பக்கத்தில் ஏழு இடங்களில் பென்சில் வட்டம். ஏழும் 'தயங்கினாள்'.

மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏழும் ஏழு சொல்: ஹெஸிடேட், வேவர், வேஸிலேட், டிதர், ஹம் அண்ட் ஹா, இன் டூ மைண்ட்ஸ், ஷில்லி-ஷாலி. அகராதியில் தேடினால் எல்லாவற்றுக்கும் 'தயங்கு, தடுமாறு, ஊசலாடு' என்று மூன்றையே மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

கதையில் இவை வரும் இடங்கள் வேறு வேறு. பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், முனை காகிதத்தைத் தொடும் முன் ஒரு நொடி நிற்கிறாள். அங்கே ஹெஸிடேட். அதே ஆள் அன்று காலையில் மாடிக்கும் கீழுக்குமாக நடக்கிறாள். கெட்டிலைப் போடுகிறாள், டீ கலக்காமலே அணைக்கிறாள். அலமாரியிலிருந்து கணவரின் கோட்டை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, திரும்ப அதே கொக்கியில் மாட்டுகிறாள். அங்கே டிதர். முதலாவதற்குத் 'தயங்கினாள்' போதும். இரண்டாவதற்கும் அதையே போட்டால் கெட்டிலும் கோட்டும் செத்துப்போகின்றன.

ஆங்கிலம் அன்றாடம் புழங்குகிறவர்கள், அந்த ஊர்களில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். இந்தச் சொற்களை அவர்கள் எப்போது எடுக்கிறார்கள், எப்போது எடுப்பதில்லை?

பழைய_கரும்பலகை:

வாணி, நல்ல கேள்வி. முப்பத்திரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தவன் நான். இந்தச் சொற்களையெல்லாம் ஒரே பொருள் கொண்டவை என்று பலகையில் ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

வேரைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஹெஸிடேட் லத்தீனில் 'ஒட்டிக்கொள்' என்ற வினையிலிருந்து வந்தது. பசையை அட்ஹீசிவ் என்கிறோமே, அதே குடும்பம். எடுத்து வைக்க வேண்டிய கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அது ஒரு கணத்து வேலை, அதில் பழிப்பு எதுவும் இல்லை.

வேஸிலேட்டும் லத்தீன்தான், 'தள்ளாடு'. இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. திங்கட்கிழமை விற்கிறேன் என்பாள், புதன்கிழமை மாட்டேன் என்பாள். நாள்கணக்கில் நீளும்.

வேவர் வடக்கே ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்த சொல். காற்றில் விளக்குச் சுடர் ஆடுவதற்கும், பாடுகிறவர் குரல் நடுங்குவதற்கும் இதே சொல்தான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: வேவர் ஆவதற்கு முதலில் ஓர் உறுதி இருக்க வேண்டும். எரிகிற சுடர்தானே ஆடும்? முடிவெடுத்தவளின் முடிவு ஆட்டம் காண்பதுதான் வேவர். முடிவே எடுக்காதவள் வேவர் ஆக முடியாது.

டிதர் முன்பு ஆங்கிலத்தில் 'வெடவெடவென நடுங்கு' என்ற பொருளில் இருந்த சொல். முடிவுக்கு வராமல் அலைபாய்வது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த உடம்பு நடுக்கம் இன்றைக்கும் சொல்லுக்குள் இருக்கிறது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து யோசிக்கிறவரை யாரும் டிதர் செய்கிறார் என்று சொல்வதில்லை. உங்கள் கெட்டிலும் கோட்டும் டிதர்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நம்முடைய 'தயங்கு'வே முதலில் 'அசை' என்பதுதான். சங்கப் பாட்டில் 'தயங்கு திரை' என்று வரும். புரண்டு அசையும் அலை. அசைவைக் குறித்த நம் சொல் நிற்பதற்கு வந்துவிட்டது. நடுக்கத்தைக் குறித்த அவர்கள் சொல் அலைவதற்குப் போய்விட்டது.

மேடவாக்கம்_குமார்:

சார், டிதரிங் எங்கள் கம்ப்யூட்டர் தொழிலிலும் இருக்கிறது. படத்தில் 256 நிறம்தான் வைக்க முடியும் என்றால், இரண்டு நிறத்துக்கு நடுவில் உள்ள சாயலை எப்படிக் காட்டுவது? இந்த நிறத்தில் ஒரு புள்ளி, அந்த நிறத்தில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றித் தூவுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் நடு நிறமாகத் தெரியும். ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 1976ல் வெளியிட்ட முறையைத்தான் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எந்த நிறத்திலும் நிற்காமல் துள்ளிக்கொண்டிருக்கும். அக்கா சொன்ன அந்த அம்மாவும் அப்படித்தானே?

எனக்கு நேர்ந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமெரிக்க வாடிக்கையாளரோடு ஒரு கால். அவர் திட்டத்தை விளக்கி முடித்ததும் நான், 'ஐ ஹேவ் எ டவுட்' என்றேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் மாறி, எந்த இடத்தில் நம்பிக்கை இல்லை என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. மூன்றாவது ஸ்லைடில் ஒரு எண் புரியவில்லை, அவ்வளவுதான். 'சார், ஒரு சந்தேகம்' என்று பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்குவோமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவர்களுக்கு டவுட் என்றால், நீ சொல்வது சரியாக இருக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு க்வெஸ்சன் போதும். நம் 'சந்தேகம்' இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. இந்தியா முழுக்கவே ஆங்கிலத்தில் இந்தப் பழக்கம் இருக்கிறது, நமக்குள் பேசும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் அந்த அரை நிமிட மௌனத்தை நான் மறக்கவே இல்லை.

பனிக்காற்று:

குமார் தம்பி சொன்ன டவுட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. நான் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நர்ஸாக இருக்கிறேன், பதினோரு வருடமாகிறது. வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டுப் பாட்டி வானத்தைப் பார்த்து, 'ஐ டவுட் இட்'ல் ரெய்ன்' என்றார். மழை வராது என்று நினைக்கிறார் போல என்று துணியைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் எல்லாம் நனைந்து தொங்குகிறது. ஸ்காட்லாந்து வழக்கில் அது 'மழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது' என்பதாம்! லண்டன்காரர் சொன்னால் வராது, இங்கே உள்ளவர் சொன்னால் வரும். ஒரே வாக்கியம்.

வாணி அக்கா, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சொல் இங்கே தினமும் காதில் விழுகிறது: ஸ்விதர். 'ஐ'ம் ஸ்விதரிங்' என்பார்கள். சிவப்புக் கம்பளியா, பச்சைக் கம்பளியா என்பதிலிருந்து ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்பது வரைக்கும். இதில் நடுக்கமும் இல்லை, பழியும் இல்லை. டிதர் என்று ஒருவரைச் சொன்னால் அதில் குற்றச்சாட்டு இருக்கும், சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாயேன் என்ற எரிச்சல் இருக்கும். ஸ்விதர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளலாம். மனசுக்குள் இரண்டையும் புரட்டிப் பார்க்கிறேன், கொஞ்சம் நேரம் கொடு என்கிற மாதிரி.

தாமிரபரணி_வாணி:

'தன்னைச் சொல்வது, பிறரைச் சொல்வது' என்ற இந்த வேறுபாடு எனக்குப் பெரிய வெளிச்சம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். டிதர் வருகிற இடத்தில் பார்வை மகளுடையது. அம்மா மாடிக்கும் கீழுக்கும் போவதைச் சமையலறையிலிருந்து பார்த்து எரிச்சலடைகிறவள் அவள். இன் டூ மைண்ட்ஸ் வருவது அம்மாவின் வாயில்.

அந்த இன் டூ மைண்ட்ஸ் மட்டும் சுலபமாக முடிந்தது. எங்கள் ஊரில் 'ரெண்டு மனசா இருக்கு' என்று அன்றாடம் சொல்வோம். சொல்லுக்குச் சொல் அதேதான். மொழிபெயர்த்ததாகவே தோன்றாது.

பழைய_கரும்பலகை:

பிரிட்டனில் 'இன் டூ மைண்ட்ஸ்', அமெரிக்காவில் 'ஆஃப் டூ மைண்ட்ஸ்'. தயக்கத்தை 'இரண்டு' என்று பார்ப்பது பல மொழிகளிலும் இருக்கிறது. டவுட்டே அப்படி வந்ததுதான். லத்தீனின் டுபிடாரே, இரண்டு என்னும் டுவோவோடு உறவுள்ளது. ஜெர்மனில் சந்தேகத்துக்கு ட்ஸ்வைஃபெல். இரண்டு என்பது ட்ஸ்வை. டவுட் எழுத்தில் உச்சரிக்காத 'பி' ஒன்று நிற்கிறதே, பிள்ளைகள் வருடா வருடம் அதை விட்டுவிட்டு மார்க்கை இழப்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த பி இல்லை. பிறகு வந்த படிப்பாளிகள் லத்தீன் மூலத்தை நினைவுபடுத்த வேண்டும் என்று நடுவில் சொருகினார்கள். கடனைக் குறிக்கும் டெட்டிலும் இதே கதைதான்.

ஷில்லி-ஷாலி, 'ஷால் ஐ? ஷால் ஐ?' என்று தன்னையே இரண்டு முறை கேட்டுக்கொள்வதில் பிறந்தது. 1700ல் லண்டனில் அரங்கேறிய ஒரு நாடகத்தில் 'ஷில் ஐ, ஷால் ஐ' என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. அதுவே பிறகு ஒற்றைச் சொல்லாகக் கெட்டிப்பட்டது. ஆகவே நாமும் கேள்வியாகவே வைக்கலாம்: 'விக்கட்டுமா வேண்டாமா, விக்கட்டுமா வேண்டாமா என்று'. வினைச்சொல் தேட வேண்டியதில்லை.

கோவை_மில்காரர்:

சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ் பட்டியலில் வரவில்லையே? அதற்கு 'மதில் மேல் பூனை' ரெடிமேடாக இருக்கிறது. அகராதிகளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

தாமிரபரணி_வாணி:

அண்ணா, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று *பார்க்கிறவருக்கு*த் தெரியாது. பூனைக்கு அதில் பங்கே இல்லை. தேர்தல் முடிவு மதில் மேல் பூனையாக இருக்கிறது என்கிறோம், கூட்டணி மதில் மேல் பூனை என்கிறோம். ஃபென்ஸில் உட்கார்ந்திருக்கிறவர் அப்படியில்லை. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு தரப்பைப் பகைக்க வேண்டும் என்று தெரிந்தே இறங்காமல் இருக்கிறார். அது நிச்சயமின்மை இல்லை, ஒரு விதமான சாமர்த்தியம்.

கோவை_மில்காரர்:

யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் சரி. அப்படியானால் அதற்கு 'பிடி கொடுக்காமல் இருக்கிறார்' நெருங்கி வரும். 'ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்' வராது, அது இரண்டிலும் கால் வைத்து இரண்டையும் கெடுத்துக்கொள்வது.

பழைய_கரும்பலகை:

ஆங்கிலத்திலும் ஒரு பூனை உண்டு. 'பூனை எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார்ப்போம்' என்று அவர்களே சொல்வார்கள். நிலைமை எப்படித் திரும்பும் என்று காத்திருப்பதற்கு. நம் மதில் மேல் பூனையின் உண்மையான இணை அதுதான். இரண்டு ஊரிலும் பூனை தனித்தனியாகவே மதில் ஏறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபென்ஸ் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1884 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஜேம்ஸ் பிளெய்னை நிறுத்தியது. அவர் மேல் ஊழல் புகார் இருந்ததால் அந்தக் கட்சிக்காரர்களே ஒரு பகுதியினர் எதிரணியின் குரோவர் கிளீவ்லாந்தை ஆதரித்தார்கள். அவர்களை மக்வம்ப் என்று கேலி செய்தார்கள். மாசசூசெட்ஸ் பழங்குடியினர் மொழியில் அது படைத்தலைவன் என்று மரியாதையான சொல். 1663ல் அந்த மொழியில் அச்சான பைபிளிலேயே இருக்கிறது. பெரிய மனுஷன் என்று குத்தலாகத் தொடங்கி, கடைசியில் வேலியின் ஒரு பக்கம் மூஞ்சியும் மறுபக்கம் பிட்டமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்று ஆக்கிவிட்டார்கள். உண்மையில் அவர்கள் வேலியில் உட்காரவே இல்லை. தெளிவாக இறங்கி எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டார்கள். கட்சி மாறத் துணிந்தவர்களை முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

மேடவாக்கம்_குமார்:

வாஃபிள்? அமெரிக்க டீமில் ஒருவரைப் பற்றி, ஹி'ஸ் வாஃப்ளிங் என்றார்கள். தினம் ஒரு முடிவு சொல்கிறார் என்று அர்த்தம். அதையே பிரிட்டிஷ் மேனேஜரிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

பழைய_கரும்பலகை:

ஆமாம். பிரிட்டனில் வாஃபிள் என்றால் விஷயமே இல்லாமல் வளவளவென்று பேசுவது. தேர்வுத் தாளில் பக்கத்தை நிரப்புவதும் அதுதான். அமெரிக்காவில் நிலையில்லாமல் மாறுவது. இடம் தெரியாமல் மொழிபெயர்க்கக் கூடாத சொல்.

ஸ்காபரோ_தம்பி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில் உரைபெயர்ப்பாளராக வேலை. பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில், வயதான எங்கட சனத்துக்கும் டொக்டர்மாருக்கும் நடுவில் நின்று கதைக்கிறது. வாணி அக்காவுக்கு எடிட்டர் ஒரு வாரம் நேரம் கொடுப்பார். எனக்கு இரண்டு விநாடி.

ஒரு சம்பவம். ஓர் ஐயாவுக்கு ஸ்கான் முடிவு. டொக்டர் ஒரே மூச்சில் மேய், மைட், குட் (could), பொசிபிள், லைக்லி என்று ஐந்தையும் சொன்னார். கட்டி பரவியிருக்க மைட், ஆனால் லைக்லி இல்லை. மருந்து உதவ குட். நான் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் '-லாம்' போட்டேன். பரவியிருக்கலாம், உதவலாம். ஐயா நிமிர்ந்து பார்த்து, 'தம்பி, எல்லாம் ஒரே அளவு லாமோ?' என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. டொக்டரைத் திரும்பக் கேட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு என்று எண்ணாக வாங்கிச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு இது ஒரு நோய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. எங்கு 'லாம்' வந்தாலும் அளக்கிறேன்.

தேடிப் படித்ததில் கிடைத்தது. 1951ல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில், யூகோஸ்லாவியாவை சோவியத் அணி தாக்குவது ஒரு 'சீரியஸ் பொசிபிலிட்டி' என்று அறிக்கை எழுதினார்கள். அது எவ்வளவு என்று ஒருவர் கேட்டபோது, குழுவின் மூத்தவரான ஷெர்மன் கென்ட் 65க்கு 35 என்றார், அதாவது தாக்குவதற்கு 65, தாக்காததற்கு 35. கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். பிறகு கென்ட் தன்னுடைய குழுவையே கேட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட சொல். ஒருவர் மனதில் 20க்கு 80, இன்னொருவர் மனதில் 80க்கு 20. 1964ல் ஒரு கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எண் வைக்கப் பார்த்தார்: ப்ராபபிள் என்றால் 75 பக்கம், ஆல்மோஸ்ட் சர்ட்டன் என்றால் 93 பக்கம்.

இன்னொன்று 1961. கியூபா அரசைக் கவிழ்க்க அங்கே பிக்ஸ் விரிகுடாவில் ஆட்களை இறக்கும் திட்டத்துக்கு, அமெரிக்கப் படைத்தலைமை 'ஃபேர் சான்ஸ்' இருப்பதாக அதிபர் கென்னடிக்கு எழுதிக்கொடுத்தது. எழுதினவர்கள் மனதில் இருந்தது நூற்றுக்கு முப்பது அளவு, தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது. வாசித்தவருக்கு அது நல்ல வாய்ப்பு என்று பட்டது. இறங்கினவர்கள் மூன்று நாளுக்குள் முறியடிக்கப்பட்டார்கள்.

பனிக்காற்று:

தம்பி, இது எங்கள் வார்டில் தினம் நடக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாளில் பக்கவிளைவு 'காமன்' என்று போட்டிருக்கும். நோயாளிகள் பயந்துவிடுவார்கள், நிறையப் பேருக்கு வரும் போல என்று. அதற்கு ஐரோப்பாவில் வகுத்த அளவு, நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேரில் ஒருவர் வரை. 'ரேர்' என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. நான் இப்போது சொல்லை விட்டுவிட்டு, 'இந்த வார்டில் இருக்கிற இருபது பேரில் இரண்டு பேருக்கு வந்தாலே அதிகம்' என்று சொல்லிவிடுகிறேன்.

மைட் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் மூத்த நர்ஸ் ஒருவர், நோயாளிக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைப் பற்றி, 'யூ மைட் வாண்ட் டு செக் தட் டிரிப் அகெய்ன்' என்றார். விருப்பம் இருந்தால் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு, கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்துப் போனேன். அவர் முகம் இறுகிப்போயிருந்தது. அது 'இப்போதே போய்ப் பார்' என்ற கட்டளை. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்து அழுதேன். கட்டளையை ஏன் சந்தேகத் தொனியில் சொல்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது புதிதாக வருகிற நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: இங்கே பெரியவர்கள் 'மைட்', 'பர்ஹாப்ஸ்', 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று தொடங்கினால் எழுந்துவிடு. 'ஐ'ம் நாட் ஷ்யூர் அபவுட் தட்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

கோவை_மில்காரர்:

நம்மிடம் 'பார்க்கலாம்' இல்லையா? கடன் கேட்டவரிடம் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவர்களிடம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றால் முடிந்தது. அவர்கள் 'வீ'ல் ஸீ' என்று பிள்ளைகளிடம் சொல்வதும் இதே குடும்பம்தான் என்று நினைக்கிறேன்.

தாமிரபரணி_வாணி:

ஸ்காபரோ தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். 'எல்லாம் ஒரே அளவு லாமோ' என்று அந்த ஐயா கேட்டது என் எடிட்டரின் ஏழு வட்டங்களை விடப் பெரிய கேள்வி.

ஆனால் தமிழில் படிகள் இல்லாமல் இல்லை, தம்பி. நாம் எடுப்பதில்லை, அவ்வளவுதான். வருவார். வந்துவிடுவார் போலிருக்கிறது. வரக்கூடும். வரலாம். வந்தாலும் வருவார். வருவாரோ என்னவோ. இறங்கு வரிசையில் எத்தனை இருக்கிறது பாருங்கள். 'வந்தாலும் வருவார்' எவ்வளவு நுணுக்கம்! வரமாட்டார் என்று நினைத்துக்கொள், ஆனால் கதவைத் தாழ் போட்டுவிடாதே என்பது அது. மைட் ஜஸ்ட் என்று அவர்கள் சொல்லும் இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஸ்காபரோ_தம்பி:

ஓம் அக்கா. 'பரவியிருந்தாலும் இருக்கும்' என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஐயாவுக்கு உடனே விளங்கியிருக்கும். ஆனால் அந்த 'ஓ'வை ஆஸ்பத்திரியில் எடுக்க எனக்குப் பயம். 'பரவியிருக்குமோ' என்றால் சந்தேகத்தோடு ஏக்கமும் பயமும் சேர்ந்து வந்துவிடும். டொக்டரின் மைட்டில் அந்தப் பயம் இருக்கவில்லை. பழந்தமிழில் ஐயத்துக்கென்றே 'கொல்' என்று ஓர் இடைச்சொல் இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம். அது இப்ப வழக்கில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

பழைய_கரும்பலகை:

'கொல்லே ஐயம்' என்பது தொல்காப்பியம். சரியாக நினைவு வைத்திருக்கிறாய் தம்பி.

வாணிக்கு விட்டுப்போன ஒன்று: ஹம் அண்ட் ஹா. அது மனசில் நடப்பது இல்லை, வாயில் நடப்பது. கேள்வி கேட்டவுடன் 'ம்...', 'ஆ...' என்று இழுப்பது. தமிழில் 'மென்று விழுங்கினாள்' என்று அழகாக இருக்கிறது.

ஆசிரியனாக இன்னொன்று சொல்லிக்கொள்கிறேன். டைலெமாவையும் ஹாப்சன்'ஸ் சாய்ஸையும் சேர்த்துக் குழப்புகிறார்கள். டைலெமாவில் இரண்டு வழி உண்டு, இரண்டும் சுடும். இருதலைக் கொள்ளி எறும்பு. ஹாப்சன் என்பவர் கேம்பிரிட்ஜில் வாடகைக் குதிரை விட்டவர், 1631ல் இறந்தார். வாசலுக்கு அருகில் நிற்கிற குதிரையை எடு, இல்லாவிட்டால் நடந்து போ என்பார். நல்ல குதிரைகளையே எல்லாரும் கேட்டு ஓட்டிக் கொல்லாமல் இருக்க அவர் வைத்த முறை அது. அங்கே தயங்குவதற்கே இடமில்லை.

தாமிரபரணி_வாணி:

ஐயா, 'மென்று விழுங்கினாள்' என்றால் எதையோ மறைக்கிறாள் என்று வாசகர் நினைக்க மாட்டார்களா? அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. வீட்டுத் தரகர் தேதி கேட்கிறார், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய_கரும்பலகை:

அந்த வாசனை இருக்கிறதுதான். அப்படியானால் சொல்லைத் தேடாமல் சத்தத்தையே எழுதிவிடுங்கள்: 'வந்து... இல்ல... அது வந்து... என்று இழுத்தாள்'.

தாமிரபரணி_வாணி:

நான்கு நாள் கழித்து வருகிறேன். பக்கத்தை மறுபடி எழுதினேன். இப்போது இப்படி நிற்கிறது.

மகள் பார்க்கும் டிதர்: வினைச்சொல்லே போடவில்லை. 'ஒரு வேலையில் கை நிற்கவில்லை' என்று தொடங்கி, கெட்டிலையும் கோட்டையும் அப்படியே வைத்துவிட்டேன். தரகரிடம் 'இழுத்தாள்'. தங்கையிடம் போனில், 'எனக்கு ரெண்டு மனசா இருக்கு'. ஷில்லி-ஷாலி கேள்வியாகவே வந்துவிட்டது. விற்கிறேன் என்று சொன்ன பிறகு தோட்டத்து ஆப்பிள் மரத்தைப் பார்க்கிற இடத்தில், வேவருக்கு, 'உறுதி ஆட்டம் கண்டது'.

வேஸிலேட் மட்டும் உட்காரவில்லை. வாரக்கணக்காக நடப்பது. 'ஊசலாடினாள்' போட்டேன். பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது, உயிர் ஊசலாடுவது வேறு நினைவுக்கு வருகிறது.

பனிக்காற்று:

அக்கா, என் அம்மாவிடம் போனில் கேட்டேன். நாங்கள் நாகர்கோவில் பக்கம். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டை விற்கிற பேச்சு வந்தபோது அம்மா எட்டு மாதம் பதில் சொல்லவில்லை. அப்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். 'மறுகிக்கிட்டே கெடந்தேன் மக்கா' என்றாள். அந்தச் சொல் எனக்கே மறந்துபோயிருந்தது. இங்கே உள்ளவர்கள் ஸ்விதர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது இதுதான் போலிருக்கிறது.

பழைய_கரும்பலகை:

மறுகு என்றால் சுழல். நீர் மறுகும், மனமும் மறுகும். இரண்டு பக்கம் ஆடுவதை விட, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவது அது. வேஸிலேட்டுக்குச் சொல்லளவில் சரியான நிகர் என்று சொல்ல மாட்டேன், வேதனை கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்த அம்மாவுக்கு?

தாமிரபரணி_வாணி:

வைத்துவிட்டேன் ஐயா. 'மார்கழி முழுக்க' என்று எழுத வந்த கையை நிறுத்தி, 'டிசம்பர் முழுக்க மறுகிக்கொண்டே இருந்தாள்' என்று முடித்தேன். 'தயங்கினாள்' இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, பேனா முனைக்கும் காகிதத்துக்கும் நடுவில்.

பனிக்காற்று, அம்மாவிடம் சொல்லுங்கள். வீடு என்ன ஆயிற்று?

பனிக்காற்று:

விற்கவில்லை அக்கா. அம்மா அங்கேதான் இருக்கிறாள்.